நேகியோஸிலிருந்து ப்ரொமிதியஸுக்கு மாறுவது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரின் தை செங்கிலோ ஜூரோங்கிலோ ஒரு தரவு மையத்தில் நூறு, நூற்றைம்பது சர்வர்களை வைத்து ஓட்டும் நிறுவனங்கள் பலவற்றில், எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று இன்னும் நேகியோஸ்தான் காவல் காக்கிறது. 1999-இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளிவந்த மென்பொருள் அது. பழையது என்பதற்காக மட்டம் என்று சொல்லிவிட முடியாது. சொன்ன வேலையைச் செய்கிறது. ஆனால் கன்டெய்னர்கள் (செயலிகளைத் தனித்தனியாக ஓட்டும் சிறு பொதிகள்) நிமிடத்துக்கு நிமிடம் பிறந்து மறையும் இடத்தில், ஒவ்வொரு சர்வரின் பெயரையும் கோப்பில் கையால் எழுதிக்கொண்டிருப்பது கட்டுப்படியாகாது. அதனால்தான் பலரும் ப்ரொமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளுக்கு மாறுகிறார்கள். 2012-இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கிய இந்தத் திட்டம், கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனில், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸுக்கு அடுத்தபடியாக 2016-இல் சேர்ந்தது. படம் வரைய க்ரஃபானா, தகவல் அனுப்ப அலர்ட்மேனேஜர்: இந்த மூன்றும் சேர்ந்ததுதான் புதிய ஏற்பாடு.

மாற்றும் வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால், நிறுவுவதற்கு முன்னால் ஒரு வேறுபாட்டை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

நேகியோஸ் கேள்வி கேட்டுப் பதில் வாங்குகிறது. ப்ளகின் என்ற சிறு சோதனை நிரல் ஓடி 0, 1, 2, 3 என்று ஏதாவது ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது: சரி, எச்சரிக்கை, ஆபத்து, தெரியவில்லை. கோப்பில் சர்வரின் பெயர் இருக்கும்வரை, பதில் வராவிட்டாலும் அது சத்தம் போடும். ப்ரொமிதியஸ் அப்படியல்ல. அது எண்களை மட்டும் அள்ளிக்கொண்டு வந்து சேர்த்து வைக்கிறது. ஆபத்தா இல்லையா என்று முடிவெடுப்பது பிறகு ஓடும் விதிகள். எண்ணே வரவில்லையென்றால் விதிக்குக் கிடைக்கும் விடை வெறுமை. வெறுமைக்கு அலர்ட் கிடையாது. திரை அமைதியாகவே இருக்கும். நேகியோஸ் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் அந்த அமைதியைப் பார்த்து 'எல்லாம் நன்றாக ஓடுகிறது' என்று நம்பிவிடுவார்கள்.

முதலில் கணக்கெடுங்கள்

புதிய சர்வரை எழுப்பும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். நேகியோஸின் ஆப்ஜெக்ட் கேஷ் கோப்பில், டெம்ப்ளேட்டுகள் எல்லாம் விரிக்கப்பட்ட நிலையில், கண்காணிக்கப்படும் ஒவ்வொன்றும் இருக்கிறது. அதை ஒரு விரிதாளில் கொட்டுங்கள். பக்கத்திலேயே, கடைசி 90 நாள் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு சோதனைக்கும் எத்தனை முறை தகவல் போயிற்று என்று சேருங்கள். 'சாஃப்ட்' நிலைகளை, அதாவது மறுமுயற்சியில் இன்னும் உறுதியாகாத கோளாறுகளை, விட்டுவிடலாம். 'ஹார்ட்' நிலையை எட்டி யாருக்காவது செய்தி போனதுதான் கணக்கு.

இப்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: இதற்காக ஒரு மனிதரை நடுராத்திரியில் எழுப்பலாமா? எழுப்ப வேண்டியவை, காலையில் வந்து பார்த்தால் போதுமானவை, யாருமே பார்க்காதவை என்று மூன்றாகப் பிரியும். மூன்றாவது குவியல் பெரிதாக இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள். அதைப் புதிய வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் தேடிப் பிடிக்க வேண்டிய இன்னொன்று 'ஈவன்ட் ஹேண்ட்லர்': கோளாறு வந்ததும் நேகியோஸ் தானாக ஓட்டும் ஸ்க்ரிப்ட். ஏதோ ஒரு பழைய ஜாவா சேவை வாரத்துக்கு இரண்டு முறை தொங்கும். நேகியோஸ் சத்தமில்லாமல் அதை மறுதொடக்கம் செய்துவிடும். அந்த ஸ்க்ரிப்டை எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். நேகியோஸை நிறுத்திய வாரத்தில் அந்தச் சேவை விழும், ஏன் என்று ஒருவருக்கும் புரியாது. அலர்ட்மேனேஜர் தானாக எதையும் மறுதொடக்கம் செய்யாது. அந்த வேலையை, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ரீஸ்டார்ட் வசதிக்கு மாற்றுங்கள். முடிந்தால் சேவையையே சரிசெய்யுங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்

கணக்கு எளிது: விநாடிக்கு வரும் மாதிரிகள் (ஒரு முறை படித்த ஓர் எண் ஒரு மாதிரி) × வைத்திருக்கும் விநாடிகள் × ஒரு மாதிரிக்கு 1 முதல் 2 பைட். லினக்ஸ் சர்வரில் ஓடி அதன் எண்களை வெளியிடும் நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற நிரல் ஏறக்குறைய 1,000 தொடர்களை, அதாவது தனித்தனி அளவீடுகளை, தரும் என்று வைத்துக்கொள்வோம். 120 சர்வர்கள், 15 விநாடிக்கு ஒரு முறை என்றால் விநாடிக்கு 8,000 மாதிரிகள். 30 நாளுக்கு, மாதிரிக்கு 2 பைட் வீதம், 41 ஜிபிக்குச் சற்று மேல். 60 ஜிபி வட்டும் 8 ஜிபி ரேமும் கொடுத்தால் கையைக் கடிக்காது.

எதுவும் குறிப்பிடாவிட்டால் ப்ரொமிதியஸ் 15 நாள்தான் தரவை வைத்திருக்கும். மாதக் கடைசியில் அறிக்கை எழுத உட்காரும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. வட்டு உள்ளூர் வட்டாகவே இருக்கட்டும். என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்பு முறைமையின் மேல் வைப்பதை ப்ரொமிதியஸ் ஆதரிப்பதில்லை, தரவு சிதைந்தால் மீட்க வழியில்லை.

ஃபயர்வால் விண்ணப்பத்தை முதல் நாளே போடுங்கள்

தொழில்நுட்ப வேலையைவிட அனுமதிக் கடிதங்கள்தான் அதிக நாள் எடுக்கும். மற்ற சர்வர்களில் சோதனைகளை ஓட்டித் தரும் நேகியோஸின் என்ஆர்பிஇ 5666 போர்ட்டில் இருந்தது. நோட் எக்ஸ்போர்ட்டருக்கு 9100, விண்டோஸ் எக்ஸ்போர்ட்டருக்கு 9182. திசை பழையதுதான்: கண்காணிக்கும் சர்வரிலிருந்து மற்ற சர்வர்களை நோக்கி. ப்ரொமிதியஸுக்கு 9090, அலர்ட்மேனேஜருக்கு 9093, க்ரஃபானாவுக்கு 3000. எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் கேளுங்கள்.

இரண்டு அலர்ட்மேனேஜர்களை ஜோடியாக ஓட்டுவதானால் அவற்றுக்கிடையே 9094-ஐ டிசிபி, யுடிபி இரண்டிலும் திறக்க வேண்டும். டிசிபி மட்டும் கேட்டுவிட்டு யுடிபியை மறப்பது வாடிக்கை. அப்புறம் ஜோடியின் பேச்சு பாதியில் அறுந்து, ஒரே அலர்ட் இரண்டு முறை வரும். இன்னொன்று: ப்ரொமிதியஸின் அமைப்பில் இரண்டு அலர்ட்மேனேஜர்களின் முகவரிகளையும் நேரடியாகக் கொடுங்கள். நடுவில் லோட் பேலன்சரை வைக்காதீர்கள்.

எக்ஸ்போர்ட்டர் வெளியிடும் பக்கத்தை 9100-க்கு வந்து சேர முடிந்த எவரும் படிக்கலாம். கெர்னல் பதிப்பு முதல் வட்டின் பெயர் வரை அதில் இருக்கிறது. எனவே டிஎல்எஸ் குறியாக்கமும் கடவுச்சொல்லும் வைத்தே தொடங்குங்கள். அன்சிபிள் என்ற தானியங்கிக் கருவி மூலம் நிறுவினால் இதுவும் அதே பிளேபுக்கில் முடிந்துவிடும். முதலில் 5 சர்வர்கள், பிறகு 30, பிறகு மீதி.

சோதனைகளை விதிகளாக்குவது

நேகியோஸில் 120 சர்வர்களுக்கு 120 வட்டுச் சோதனைகள் இருந்திருக்கும். இங்கே ஒரே விதி போதும். ஆனால் அந்த ஒரு விதியில் நான்கு இடங்களில் கால் வழுக்கும்.

முதலாவது, மெட்ரிக்கை, அதாவது எந்த அளவீடு என்பதை, தேர்ந்தெடுப்பது. 'ஃப்ரீ பைட்ஸ்' என்று ஒன்று, 'அவெய்ல் பைட்ஸ்' என்று ஒன்று. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழக்கமாக 5 விழுக்காட்டை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கிறது. 'ஃப்ரீ' அதையும் சேர்த்துச் சொல்லும். விதியில் 'ஃப்ரீ' இருந்தால், 5 விழுக்காடு காலி என்று திரை காட்டிக்கொண்டிருக்கும்போதே தரவுத்தளம் எழுத இடமில்லாமல் நின்றுவிடும். 'அவெய்ல்'தான் வேண்டும்.

இரண்டாவது, டெம்ப்எஃப்எஸ், ஸ்க்வாஷ்எஃப்எஸ் போன்ற, வழக்கமான வட்டு அல்லாத கோப்பு முறைமைகளை விலக்குவது. உபுண்டுவில் ஸ்னாப் பொதிகள் எல்லாம் எப்போதும் 100 விழுக்காடு நிரம்பியவையாகவே தெரியும். மூன்றாவது, 'ஃபார்' என்ற காத்திருப்பு நேரம். நேகியோஸில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை சோதனை, கோளாறு என்றால் 1 நிமிட இடைவெளியில் மறுமுயற்சி, மூன்றாவது முயற்சியில்தான் செய்தி என்று அமைத்திருந்தால், கோளாறு தொடங்கி 7 நிமிடம் வரை ஆகலாம். இங்கே 15 விநாடி ஸ்க்ரேப் (எண்களை அள்ளிவரும் இடைவெளி), 15 விநாடி மதிப்பீடு (விதியை ஓட்டும் இடைவெளி), 2 நிமிட 'ஃபார்', 30 விநாடி குழுக் காத்திருப்பு (அலர்ட்டுகளை ஒன்றுசேர்க்கும் நேரம்) எல்லாம் சேர்த்து 3 நிமிடத்தில் செய்தி வந்துவிடும். வேகமாயிற்றே என்று மகிழ்ந்து 'ஃபாரை' எடுத்துவிட்டால் ஒவ்வொரு சின்ன விக்கலுக்கும் கைப்பேசி அலறும். வட்டுக்கு 10 நிமிடம் கொடுத்தாலும் தவறில்லை.

நான்காவது, வரம்பு. 2 டெராபைட் வட்டில் 10 விழுக்காடு என்பது 200 ஜிபி. அதற்காக ஒருவரை எழுப்புவது அநியாயம். 'பிரெடிக்ட் லீனியர்' சார்பைக் கொண்டு, கடந்த 6 மணி நேரப் போக்கிலேயே போனால் அடுத்த 4 மணி நேரத்தில் நிரம்புமா என்று கேளுங்கள். 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கிறது, அதோடு 4 மணி நேரத்தில் நிரம்பவும் போகிறது என்று இரண்டும் சேர்ந்தால் மட்டும் எழுப்புங்கள். மெதுவாக நிரம்புபவை காலைப் பட்டியலுக்குப் போகட்டும்.

நெட்வொர்க் ஸ்விட்சுகளுக்கு, எஸ்என்எம்பி நெறிமுறையில் அவற்றைப் படிக்கும் எஸ்என்எம்பி எக்ஸ்போர்ட்டர். ஸ்விட்சின் ஐபியை நேராக ஸ்க்ரேப் இலக்காகப் போட்டால் வேலை நடக்காது. அதை அளவுருவாக அனுப்பி, முகவரியை எக்ஸ்போர்ட்டருடையதாக மாற்றி எழுத (ரீலேபிள் செய்ய) வேண்டும். 48 போர்ட் ஸ்விட்சைப் படித்து முடிக்க நேரம் பிடிக்கும் என்பதால் 60 விநாடி இடைவெளி வையுங்கள். 10 விநாடி என்ற இயல்பு டைம்அவுட்டையும் உயர்த்துங்கள். பழைய 32 பிட் கவுன்டர்கள் முழு வேகத்தில் ஓடும் 1 ஜிகாபிட் இணைப்பில் ஏறக்குறைய 34 விநாடியில் நிரம்பி மீண்டும் 0-க்குச் சுற்றி வந்துவிடும். அவற்றை 60 விநாடிக்கு ஒரு முறை படித்தால் வரைபடம் பொய் சொல்லும். 64 பிட் கவுன்டர்களைப் பயன்படுத்துங்கள். இடைவெளியை நீட்டுவதானாலும் 2 நிமிடத்தைத் தாண்டாதீர்கள். 5 நிமிடத்துக்கு மேல் புதிய மாதிரி வராத தொடரை ப்ரொமிதியஸ் இல்லாததாகவே கருதும். நடுவில் ஒரு ஸ்க்ரேப் தவறினாலும் தாங்க வேண்டும்.

சொந்தமாக எழுதிய ப்ளகின்கள் இருபது முப்பது இருந்தால் எல்லாவற்றையும் உடனே திருப்பி எழுத வேண்டியதில்லை. குறித்த நேரங்களில் நிரல்களை ஓட்டும் க்ரானில் ஓடவிட்டு, திரும்பும் எண்ணை நோட் எக்ஸ்போர்ட்டரின் டெக்ஸ்ட்ஃபைல் கோப்புறையில் எழுதச் சொல்லுங்கள். முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, முடிந்ததும் பெயரை மாற்றுங்கள். நேரடியாக எழுதினால் பாதி எழுதிய கோப்பை எக்ஸ்போர்ட்டர் படித்துவிடும். இரவு பேக்கப் போன்றவற்றுக்கு 'வெற்றி, தோல்வி' என்று எழுதுவதைவிட, கடைசியாக வெற்றி பெற்ற நேரத்தை எழுதுவது மேல். 26 மணி நேரத்துக்கு, அதாவது 93,600 விநாடிக்கு மேல் பழையதானால் அலர்ட். ஸ்க்ரிப்ட் தோற்றாலும் சரி, ஓடவே இல்லாவிட்டாலும் சரி, அகப்பட்டுவிடும்.

அமைதி எங்கெல்லாம் ஏமாற்றும்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள்.

ஒரு சர்வரின் வட்டு நிரம்பி அலர்ட் வந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்த நெருக்கடியில் எக்ஸ்போர்ட்டரும் விழுகிறது. அதனுடைய தொடர்கள் மறைகின்றன, விதிக்கு விடை வெறுமையாகிறது, அலர்ட்மேனேஜர் 'ரிசால்வ்ட்' என்று பச்சைச் செய்தி அனுப்புகிறது. ஆன்-கால் நண்பர் நிம்மதியாகத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். வட்டில் ஒரு பைட்கூடக் காலியாகவில்லை. இதைத் தடுக்க இரண்டு ஏற்பாடுகள் வேண்டும்: எண்களை அள்ள முடிந்ததா என்று சொல்லும் 'அப்' மெட்ரிக் 0 ஆனால் தனி அலர்ட், முக்கிய விதிகளில் அலர்ட்டை உடனே அணையவிடாமல் பிடித்துவைக்க 'கீப் ஃபைரிங் ஃபார்' என்று சில நிமிடங்கள். பிந்தையது நேகியோஸின் ஃப்ளாப் கண்டறிதல் (நிலை அடிக்கடி மாறி மாறி வருவதை உணர்வது) இல்லாத குறையையும் ஓரளவு தீர்க்கும்.

இணையதளங்களைப் பார்க்க பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் போடுவீர்கள். அங்கே 'அப்' 1 என்று இருந்தால் எக்ஸ்போர்ட்டர் உயிரோடு இருக்கிறது என்று மட்டுமே பொருள். தளம் விழுந்து கிடந்தாலும் 'அப்' 1-தான். 'ப்ரோப் சக்ஸஸ்' 0 ஆகிறதா என்று பாருங்கள். சான்றிதழ் காலாவதியையும் இதே எக்ஸ்போர்ட்டர் தருகிறது. 21 நாளுக்கு முன்பே சொல்லும்படி ஒரு விதி எழுதிவிடுங்கள்.

சர்வர் இலக்குப் பட்டியலிலிருந்தே காணாமற்போனால் 'அப்' 0-கூட ஆகாது; தொடரே இருக்காது. இதற்கு 'ஆப்சென்ட்' சார்பு இருக்கிறது. கன்டெய்னர்களுக்கு, இத்தனை எண்ணிக்கைக்குக் குறையக் கூடாது என்று விதி எழுதுவது இன்னும் நம்பகமானது. என்எஃப்எஸ் மவுன்ட் தொங்கினால் நோட் எக்ஸ்போர்ட்டர் அந்த மவுன்ட்டைத் தாண்டிப் போய்விடும். வட்டு விதி வாயே திறக்காது. 'டிவைஸ் எரர்' மெட்ரிக் 1 ஆகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெக்ஸ்ட்ஃபைல்களுக்கும் இதே கதைதான். க்ரான் நின்றுவிட்டால் பழைய எண்ணே என்றென்றும் வந்துகொண்டிருக்கும், எனவே கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைச் சொல்லும் மெட்ரிக்குக்கும் ஒரு விதி.

சரி, ப்ரொமிதியஸே விழுந்தால்? எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் 'வாட்ச்டாக்' என்ற ஓர் அலர்ட்டை எழுதி, அதை வெளியே உள்ள ஒரு சேவைக்கு அனுப்புங்கள். அந்தச் செய்தி நின்றால் அங்கிருந்து மணி அடிக்க வேண்டும். இரண்டும் ஒரே தரவு மையத்தில், ஒரே இணைய இணைப்பில் இருந்தால் பயனில்லை. மாறும் காலம் முழுவதும் இன்னொரு மலிவான வழியும் இருக்கிறது: பழைய நேகியோஸையே ப்ரொமிதியஸைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

சர்வர்களோடு அறையையும் பார்க்க மறவாதீர்கள். 2023 அக்டோபர் 14 அன்று இங்கே ஒரு தரவு மையத்தில் குளிரூட்டல் பழுதானபோது டிபிஎஸ், சிட்டிபேங்க் இரண்டின் சேவைகளும் முடங்கின. கட்டடத்தின் சில்லர் உங்கள் கையில் இல்லைதான். ஆனால் சர்வரின் வன்பொருள் உணரிகளைப் படிக்கும் ஐபிஎம்ஐ எக்ஸ்போர்ட்டர் ஒவ்வொரு சர்வரின் உள்வரும் காற்றின் வெப்பத்தையும் தருகிறது. ஒரே ரேக்கில் பல சர்வர்களில் 10 நிமிடத்துக்குள் 5 டிகிரி ஏறினால் சொல்லும்படி எழுதிவைத்தால், மையத்திலிருந்து தொலைபேசி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

செய்தி யாருக்கு, எந்த நேரத்தில்

பழைய நேகியோஸ் சர்வரின் பின்னால் எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு யுஎஸ்பி மோடம் தொங்கும் இடங்கள் உண்டு. சிங்கப்பூரில் 2ஜி 2017-இல் நிறுத்தப்பட்டது, 3ஜியும் 2024-இல் போய்விட்டது. அந்த மோடம் எந்தத் தலைமுறை என்று பார்த்துவிடுங்கள். 'எஸ்எம்எஸ் இருக்கிறது' என்று ஆவணத்தில் மட்டும் எழுதியிருக்கலாம். இணையவழி எஸ்எம்எஸ் சேவைக்கு மாறி, எண்ணுக்குப் பதிலாக நிறுவனப் பெயரிலிருந்து செய்தி வர வேண்டுமானால் அந்தப் பெயரை எஸ்எம்எஸ் அனுப்புநர் பதிவகத்தில் பதிய வேண்டும். 2023 ஜனவரி 31 முதல் பதியாத பெயர்கள் 'லைக்லி ஸ்கேம்' என்ற முத்திரையோடு வருகின்றன. அதிகாலை மூன்று மணிக்கு அப்படி ஒரு செய்தி வந்தால் யார் திறந்து பார்ப்பார்கள்? டெலிகிராம், டீம்ஸ் இரண்டையும் அலர்ட்மேனேஜர் நேரடியாகவே ஆதரிக்கிறது.

நேர மண்டலம் புதியவர்களைத் தவறாமல் கவிழ்க்கும். ப்ரொமிதியஸ் விதிகளில் மணியும் கிழமையும் உலகப் பொது நேரமான யுடிசியில்தான். நமது காலை 9 என்பது அங்கே 1. ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு அங்கே இன்னும் சனி இரவு 7. 'ஞாயிறன்று எழுப்பாதே' என்று விதியில் கிழமையை வைத்து எழுதினால், நமது ஞாயிறு காலை 8 வரை எழுப்பிக்கொண்டிருக்கும். திங்கள் காலை 8 வரை எழுப்பாது. இதை அலர்ட்மேனேஜரின் நேர இடைவெளிகளில் எழுதி, இடம் ஆசியா/சிங்கப்பூர் என்று குறிப்பதுதான் ஒழுங்கு. பொது விடுமுறைகளை அது தானாக அறியாது; தீபாவளித் தேதியை ஆண்டுதோறும் நீங்கள்தான் எழுத வேண்டும். தைப்பூசத்துக்கு இங்கே பொது விடுமுறை கிடையாது என்பதால் அன்றைக்கு யார் ஆன்-கால் என்பதை டீமுக்குள் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

நேகியோஸில் இருந்த 'அக்னாலஜ்' பொத்தான் அலர்ட்மேனேஜரில் இல்லை. அருகில் வருவது 'சைலன்ஸ்'. அதற்கு முடிவு நேரம் உண்டு. கோளாறு தீர்ந்தாலும் அந்த நேரம் வரை வாயை அடைத்தே வைத்திருக்கும். இரண்டு வாரத்துக்குப் போட்டுவிட்டு மறந்துபோவது சகஜம். 4 மணி நேரத்துக்கு மேல் போடுவதானால் டிக்கெட் எண்ணைக் குறிப்பில் எழுத வேண்டும் என்று டீமில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள்

குறைந்தது ஒரு முழு மாதம், மாதக் கடைசியும் சம்பள நாளும் உள்ளே வரும்படி. முதல் இரண்டு வாரம் புதியதன் அலர்ட்டுகள் யாரையும் எழுப்பாத தனி சேனலுக்குப் போகட்டும். தினமும் காலையில் இரண்டு பட்டியலையும் அருகருகே வையுங்கள். நேகியோஸ் சொல்லி ப்ரொமிதியஸ் சொல்லாதவைதான் முக்கியம். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி முடிக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். கூடவே, வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்: ஒரு எக்ஸ்போர்ட்டரை நிறுத்துங்கள், சோதனை சர்வரின் வட்டை நிரப்புங்கள், அலர்ட்மேனேஜரில் ஒன்றை அணையுங்கள். விதிகளை ப்ரொமிதியஸின் ப்ராம்டூல் கருவி கொண்டு யூனிட் டெஸ்ட் செய்யலாம். ஆனால் கைப்பேசி உண்மையிலேயே அடிக்கிறதா என்று அது சொல்லாது.

வங்கிகளுக்கு வேலை செய்பவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் தொழில்நுட்ப இடர் மேலாண்மை அறிவிப்பின்படி முக்கிய அமைப்பு எதிர்பாராமல் நின்ற நேரம் எந்த 12 மாதத்திலும் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கடுமையான சம்பவத்தைக் கண்டறிந்த 1 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும், 14 நாளில் மூல காரண அறிக்கை தர வேண்டும். கண்டறிந்தது எப்போது என்பதற்கு உங்கள் அலர்ட்டின் நேரமே சான்றாகிவிடும். அறிக்கையில் பாதி யுடிசியிலும் பாதி சிங்கப்பூர் நேரத்திலும் இருந்தால் தலைவலிதான். க்ரஃபானாவின் நேர மண்டலத்தை நிறுவன அளவில் ஒரே முறை அமைத்துவிடுங்கள்.

மாற்றும் நாளைச் செவ்வாய் அல்லது புதன் காலையில் வையுங்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரமும் டிசம்பர் கடைசியும் பெரும்பாலான இடங்களில் மாற்றத் தடைக் காலம், அனுமதி கிடைக்காது. அன்று செய்வது ஒன்றுதான்: நேகியோஸில் செய்தி அனுப்புவதை மட்டும் அணைப்பது. சோதனைகள் இன்னும் இரண்டு வாரம் ஓடட்டும்.

பழைய வரைபடங்களை என்ன செய்வது என்று கேட்பார்கள். அவற்றின் தரவு இருக்கும் ஆர்ஆர்டி கோப்புகள் நாளாக ஆகச் சராசரிகளாகச் சுருங்கிப்போனவை. அவற்றைக் கொண்டுவந்து புதியதில் ஏற்றுவது உழைப்புக்கு ஏற்ற பலன் தராது. படிக்க மட்டும் முடியும் நிலையில் பழைய சர்வரை அடுத்த தணிக்கை முடியும்வரை வைத்திருந்தால் போதும்.

அப்புறம் துடைப்பு வேலை. எல்லா சர்வர்களிலிருந்தும் என்ஆர்பிஇயை நீக்குங்கள், 5666-ஐ ஃபயர்வாலில் மூடுங்கள். நேகியோஸ் பயனருக்கு சூடோ கோப்பில் கொடுத்திருந்த அனுமதிகளை எடுங்கள். கடவுச்சொல் கேட்காத ரூட் அனுமதி ஒன்றாவது அதில் ஒளிந்திருக்கும். ஸ்விட்சுகளில் கடவுச்சொல் போலப் பயன்படும் பழைய எஸ்என்எம்பி கம்யூனிட்டி சொல்லை மாற்றுங்கள். அந்த யுஎஸ்பி மோடத்தில் சிம் இருந்தால், மாதக் கட்டணம் போய்க்கொண்டிருக்கும். நிதிப் பிரிவிடம் சொல்லி அதையும் நிறுத்திவிடுங்கள்.